இறக்கம்

மரிபோசாஸ் குன்றுக்கு நூற்று அறுபத்து மூன்று படிகள்.
எண்ணியவன் நான்தான்.
எண்ணி, அட்டவணையில் போட்டு,
படிக்கு இத்தனை பெசோ என்று
பெருக்கியும் வைத்திருந்தேன்.

வால்பராய்சோவில் கடல் கீழே, வீடு மேலே.
சந்தை கீழே, அடுப்பு மேலே.
நடுவில் மூட்டுவலி.
இதைவிட நல்ல வியாபாரம் உண்டா நிபால்டோ
என்று என்னையே கேட்டேன்.
நான் என்ன, இல்லை என்றா சொல்வேன்?

செயலிக்குப் பெயர் வைத்தாயிற்று.
சின்னம்கூட வரைந்தாயிற்று:
ஒரு மஞ்சள் எறும்பு, முதுகில் ரொட்டி.

மில்லாராய்தான் தடுத்தாள்.
"ஒரு வரி எழுதாதே. போய்க் கேள்."

கேட்டேன். அறுபத்தோரு கதவுகள்.
சந்தைப் பையை யாராவது தூக்கி வந்தால்
காசு கொடுப்பீர்களா?
ஐம்பத்தெட்டு ஆமாம்.
இரண்டு கதவு திறக்கவில்லை. ஒன்றில் நாய்.
தோன்யா ஒர்த்தென்சியா
என் கன்னத்தில் முத்தமே கொடுத்தாள்.

மதிப்பெண் தாளை நீட்டும் பையனைப்போல
அவளிடம் நீட்டினேன்.
"இதில் எத்தனை பேர்
பணப்பையைத் தேடி உள்ளே போனார்கள்?"
என்றாள்.

பிறகு அவளே மார்க்கர் எடுத்தாள்.
*சந்தைப் பை, வாசல் வரை.
ஆயிரத்து ஐந்நூறு பெசோ. முன்பணம்.*
கீழே அவள் கைபேசி எண்.
ஒன்று மின்கம்பத்தில், ஒன்று ரொட்டிக்கடையில்,
ஒன்று ஓடாமல் நிற்கும் ஏற்றவண்டியின் கதவில்.
அவ்வளவுதான் எங்கள் கம்பெனி.
செயலி, அவள் முழங்கால்.

முதல் நாள் யாரும் அழைக்கவில்லை.
மறுநாள் ஒருவர், பல் டாக்டர் இருக்கிறாரா என்றார்.
நான்காம் நாள் மழை.
மழை நமக்கு நல்லது என்றேன்.
மழைக்கு அது தெரியவில்லை.

ஐந்தாம் நாள் தோன்யா ஒர்த்தென்சியா வந்தாள்,
இரு கைகளிலும் பைகள்,
திருப்பத்துக்குத் திருப்பம் நின்று மூச்சு வாங்கி.
தாளைப் படித்தாள்.
"அடடே, ஆரம்பித்துவிட்டீர்களா, எவ்வளவு அழகு!"
ஏறிப் போனாள்.
அவள் பையில் செலரித் தழை
படிக்குப் படி தலையாட்டியது,
ஆமாம், ஆமாம், ஆமாம்.

ஒன்பதாம் நாள் எலெயுத்தேரியோ என்பவர் அழைத்தார்.
"மேலே ஏற்றுவீர்களாமே."
"ஏற்றுவோம்."
"கீழே இறக்குவீர்களா?"

ஒரு குளிர்பெட்டி. செத்து நான்கு வருடம்.
புதியதை ஏற்றி வந்த கடைக்காரர்கள்
பழையதைத் திரும்பிப் பார்க்கவில்லை.
நடையிலேயே நிற்கிறது.
தினமும் படுக்கப் போகையில்
வயிற்றை எக்கிக்கொண்டு
பக்கவாட்டில் நுழைகிறாராம்.

"பன்னிரண்டாயிரம். பாதி இப்போதே," என்றாள் மில்லாராய்.
எனக்குக் கூச்சத்தில் காது சுட்டது.
நான்கு நிமிடத்தில் ஆறாயிரம் வந்து விழுந்தது.

கயிறு கட்டி இறக்கினோம்.
முப்பதாவது படியில் ஒரு கதவு திறந்தது:
மெத்தை ஒன்று இருக்கிறது, எவ்வளவு?
எழுபதில் ஒரு சலவை இயந்திரம்.
நூறில், விவாகரத்தான மகனின் பியானோ.
யாரும் அழகு என்று சொல்லவில்லை.
யாரும் முத்தம் கொடுக்கவில்லை.
பன்னிரண்டு அதிகம், எட்டு என்றார்கள்,
எதிர்வீட்டுக்காரியைக் கூட்டிவந்து கத்தினார்கள்,
ஒருவர் கதவைச் சாத்திவிட்டு
பத்தாயிரத்தோடு திரும்பித் திறந்தார்.
வேண்டியவன்தானே பேரம் பேசுவான்.

பத்து வருடமாக
எல்லாவற்றையும் யாரோ ஏற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்,
பேரன், கடைப்பையன், கேஸ்காரர்.
இறக்கத்தான் ஆளில்லை.
நான் எண்ணிய படிகள் சரி.
எண்ணிய திசைதான் தவறு.

"ஐந்து பேர்," என்றேன் மூச்சிரைக்க.
"ஐந்து போதாது," என்றாள்.
"அடுத்த வாரம் பக்கத்துக் குன்றில் தாள் ஒட்டு.
எறும்பு வேண்டாம்."

கீழே சாலையில் குளிர்பெட்டியை நிறுத்தி
ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தபோதுதான் உறைத்தது:
இதை எங்கே கொண்டுபோவது
என்று நாங்கள் யோசிக்கவே இல்லை.

பழைய இரும்பு வாங்குகிறவர் வண்டியை நிறுத்தினார்.
சுற்றி வந்தார், தட்டிப் பார்த்தார்.
"நல்ல பெட்டி. எடுத்துக்கொள்கிறேன்.
கட்டாயம். நாளைக்கு வருகிறேன்."

நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன்.
மில்லாராய் ஒன்றும் சொல்லவில்லை.
துரு ஒட்டிய உள்ளங்கையை
அவர் முன்னால் விரித்துப் பிடித்தாள்.